தாய்மாமன் மடி

முதலில் அது வியர்வை என்றுதான் கருத்தக்கண்ணன் நினைத்தான். கோச்சடை மெயின்ரோட்டில் அவனுடைய பஞ்சர் கடைக்குத் தகரக்கூரை. சித்திரை மத்தியானத்தில் அதற்குக் கீழே குத்தவைத்து உட்கார்ந்திருப்பவனுக்கு எங்கெல்லாம் வேர்க்கவில்லை என்று கேட்பதுதான் சுலபம். ஆனால் உடம்பெல்லாம் வேர்த்தது போக, இடது தொடையின்மேல் உள்ளங்கை அகலத்துக்குத் தனியாக ஓர் ஈரம் இருந்தது. வியர்வையாக இருந்தால் காற்று பட்டதும் சில்லென்று ஆகும். இது ஆகவில்லை, இப்போதுதான் யாரோ ஊற்றிவிட்டுப் போனதுபோல வெதுவெதுப்பாகவே இருந்தது. தொட்டுப் பார்த்தால் கைலி காய்ந்து மொடமொடவென்றிருந்தது.

விரலை முகர்ந்து பார்த்தான். சந்தனம். அதற்கு அடியில், இரும்புச் சாவியை வெகுநேரம் கையில் பிடித்திருந்தால் வருமே, அந்த வாடை.

கைலியை உதறிவிட்டுத் தொட்டித் தண்ணீரில் ட்யூபை அமுக்கி, ஓட்டை எங்கே என்று குமிழியைத் தேடினான். இருபது வருஷத் தொழில். முள் குத்தினதா, ஆணி குத்தினதா என்று குமிழி வரும் தினுசை வைத்தே சொல்லிவிடுவான். அன்றைக்கு அந்தக் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடைந்தது, பால் குடித்து முடித்த பிள்ளை உதட்டைப் பிரிக்கிற சத்தமாக அவன் காதில் விழுந்தது. ட்யூபை வெளியே எடுத்தான். அப்புறமும் ரெண்டு தடவை கேட்டது.

போன் அடித்தது. திருவாதவூரில் கட்டிக்கொடுத்த தங்கை சத்யப்ரியா.

"அண்ணே, ஞாயித்துக்கெழம சின்னவனுக்குக் காது குத்து. எங்க அத்த நாள் குறிச்சுட்டாக. நீதாண்ணே மடியில வைக்கணும்."

"அதுக்குள்ளயாத்தா?"

"பதினோரு மாசம் ஆச்சுல்ல." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்கும் பயமாத்தாண்ணே இருக்கு. தவழ ஆரம்பிச்சதுல இருந்து இவனுக்கும் முட்டியெல்லாம் கன்னிக் கன்னிப் போகுது, லிங்கேசுக்கு ஆன மாதிரியே. சொன்னா, சத்து இல்லங்கறாக. ஆனா நீ இருக்கேல்லண்ணே, எனக்கு அம்புட்டுதான் தெம்பு."

வாரேன்த்தா என்றான். அதற்குமேல் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அது தொண்டை வரைக்கும் வந்தது, வழக்கம்போலத் திரும்பிப் போய்விட்டது.

லிங்கேஷ் அவளுடைய மூத்த பிள்ளை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால், திருவாதவூர்க் கண்மாய்க் கரையில் மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி கோயிலில், இதே மடியில் உட்கார்த்திக் காது குத்தினார்கள். சந்தனம் பூசிய மொட்டைத் தலையைத் தடவியபடி மாமன்காரன் பெருமையாகத்தான் உட்கார்ந்திருந்தான். காது குத்தினால் ஒரு சொட்டு ரத்தம் வரும், ஒரு மிட்டாயில் அழுகை நிற்கும். அழுகை நின்றுவிட்டது. ரத்தம்தான் நிற்கவில்லை. கொட்டவும் இல்லை. ஊறியது. பஞ்சை மாற்ற மாற்ற ஊறியது. மூன்றாம் நாள் டவுனில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அந்த டாக்டர் நல்ல மனுஷன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"அம்மா வழியில ஆம்பளப் பிள்ளைங்க யாருக்காவது இப்படி ரத்தம் நிக்காமப் போயிருக்கா?"

பக்கத்தில் மாப்பிள்ளை நின்றார். மாப்பிள்ளையின் அம்மா நின்றாள். கருத்தக்கண்ணன் சொன்னான், "அப்பிடி யாரும் இல்ல சார்."

தையல் போட்டு அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் காலையில் பிள்ளை எழுந்திரிக்கவில்லை. தலைக்குள்ளேயும் ரத்தம் கசிந்திருக்கிறது என்று சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆசாரி ஊசி துரு என்றார்கள், கண்பட்டுவிட்டது என்றார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அவன் வாயை மட்டும் யாரோ நிரந்தரமாக மூடி வைத்திருந்தார்கள்.

யாரோ இல்லை, அவனைப் பெற்றவள்தான். அலங்காநல்லூரில் இருந்த காலத்தில் அந்த வீட்டில் பிள்ளைகள் மூன்று. கருத்தக்கண்ணனுக்கு ஒன்பது வயது, தம்பி மொக்கைச்சாமிக்கு ஆறு, சத்யப்ரியா தொட்டிலில். மொக்கைச்சாமிக்கு ஒரு பால்பல் விழுந்தது. ஊருலகத்தில் எல்லாப் பிள்ளைக்கும் விழுவதுதான். காப்பித்தூள் வைத்தார்கள், மஞ்சள் வைத்தார்கள், நாலு நாள் வைத்தார்கள். ஒரே பாயில் படுத்திருந்த கருத்தக்கண்ணனுக்குத் தம்பி தன் ரத்தத்தைத் தானே முழுங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மொளக். கொஞ்சம் பொறுத்து, மொளக். அப்புறம் அதுவும் இல்லை. ரத்தக் காட்டேரி பிடித்த வீடு என்று ஊர் சொன்னதும் குடும்பம் கோச்சடைக்கு வந்துவிட்டது. தம்பியின் போட்டோவும் பெயரும் மட்டும் கூட வரவில்லை. சாகும்போது அம்மா அவன் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். "தங்கச்சிக்குக்கூட மூச்சு விடாத. தெரிஞ்சா அவ வாழ்க்க போச்சு."

லிங்கேஷைப் புதைத்த மறுமாதம் அவன் மட்டும் யாருக்கும் தெரியாமல் பெரியாஸ்பத்திரிக்குப் போனான். ரூத் என்ற நர்சம்மாதான் உட்காரவைத்துப் பேசினாள். என்ன தொழில் என்று கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"ஒடம்புல எங்க ஓட்ட விழுந்தாலும் ரத்தமே அடச்சுக்கும் அண்ணே. அதுக்குள்ளயே பேட்ச் இருக்கு, ஒட்டுற சொல்யூஷனும் இருக்கு. இந்தப் பிள்ளைங்களுக்குப் பேட்ச் இருக்கும், சொல்யூஷன் இருக்காது. ஒட்டுமா?"

"ஒட்டாதும்மா."

"அதான். அம்மா வழியா வரும். அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, பசங்களத்தான் புடிக்கும். எல்லாப் பசங்களையும் புடிக்காது, ஒங்களுக்கு வரல பாருங்க. இதுக்கு ஊசி இருக்கு, இங்க இலவசமாவே போடுறோம். முன்கூட்டியே தெரிஞ்சா பிள்ளை பிழைக்கும். தங்கச்சிக்கு அடுத்தது பையன்னா, ஊசிமுனைகூடப் படுறதுக்கு முன்னால எங்கிட்டக் கூட்டியாங்க."

தெரிஞ்சா பிழைக்கும். அந்தச் சொல்லோடுதான் அவன் ரெண்டு வருஷமாகச் சாப்பிட்டான், தூங்கினான். தங்கை மறுபடி உண்டானபோது, பெண்ணாகப் பிறந்துவிட்டால் சொல்லவே வேண்டாம் என்று பார்த்தான். பையன் பிறந்தான். பேர் வைக்கும்போது சொல்லலாம் என்றிருந்தான். பல் முளைக்கும்போது சொல்லலாம் என்றிருந்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது.

வியாழக்கிழமை மூன்று தடவை போன் போட்டான். மூன்று தடவையும் "சாப்பிட்டியாத்தா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். வெள்ளிக்கிழமை சாப்பாட்டுத் தட்டின்முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தபோது, இடது தொடையில் ஈரத்தோடு கனமும் வந்தது. ஒரு சின்னத் தலை சாய்ந்தால் எவ்வளவு கனமோ அவ்வளவு. சாம்பார் வாசனையை மீறிச் சந்தனம் அடித்தது.

"தேவிகா, இங்க ஈரமா இருக்கா பாரு."

அவன் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து தொட்டுப் பார்த்தாள். "நேத்து தொவச்ச கைலி, நல்லாக் காஞ்சுதான் கெடக்கு. வெயில்ல உக்காந்து உக்காந்து ஒங்களுக்கு என்னமோ ஆயிருச்சு, மோரு குடிங்க."

சனிக்கிழமை சாயங்காலம் கடையில் வலது தொடையும் நனைந்தது. இது பெரிய தலை. ஆறு வயதுப் பிள்ளையின் தலை. ரோட்டில் பஸ்ஸும் லாரியும் இரைந்துகொண்டு போக, அத்தனை இரைச்சலுக்கும் அடியில், மடிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது.

மொளக்.

கொஞ்சம் பொறுத்து, மொளக்.

அவன் அசையவில்லை. அழுதான். ரெண்டு தலைக்கும் நடுவில் இன்னும் கொஞ்சம் இடம் மிச்சமிருப்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. ஒரு வயதுப் பிள்ளை உட்காரப் போதுமான இடம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கண்மாய்க் கரையில் நல்ல வெயில். மைக்செட் அலறியது. வேட்டி சட்டை, வெள்ளி அரைஞாண், பழத்தட்டு என்று சீரெல்லாம் குறைவில்லாமல் கொண்டுவந்திருந்தான், சொல்லை மட்டும் இன்னும் எடுத்து வைக்கவில்லை. கோயிலுக்கு வந்ததும் சொல்ல நினைத்தான், மாப்பிள்ளை மாலையைப் போட்டுவிட்டார். உட்காருமுன் சொல்ல நினைத்தான், பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துவிட்டார்கள். புது வேட்டியின்மேல், நடுவில், மிச்சமிருந்த அதே இடத்தில்.

பிள்ளை அவனைப் பார்த்துச் சிரித்தான். கீழே ரெண்டு பல். வலது முட்டியில் நாவல்பழ நிறத்தில் கன்றிப்போயிருந்தது.

மொட்டை அடித்தார்கள். கத்தி போகிற வழியெல்லாம் கருத்தக்கண்ணன் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான். எங்கும் படவில்லை. சந்தனம் பூசினார்கள். அந்த வாசனை வந்ததும் இரு தொடைகளும் குப்பென்று நனைந்தன. இடது பக்கம் ஒரு தலை திரும்பியது. வலது பக்கம் ஒரு தலை. ரெண்டும் சின்னவனைப் பார்த்தன. கண்ணால் காணவில்லை, தொடைத்தோலில் தெரிந்தது.

ஆசாரி காதுமடலில் மைப்பொட்டு வைத்தார். தங்கக் கம்பியை எடுத்தார்.

"தலையக் கெட்டியாப் புடிச்சுக்கங்க மாமா. அசையக்கூடாது."

மொளக்.

கம்பி வெயிலில் மின்னியது.

மொளக். மொளக்.

"குத்தாதீங்க."

மைக்செட்டில் அது யாருக்கும் கேட்கவில்லை. அவன் பிள்ளையின் ரெண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு கத்தினான். "குத்தாதீங்கன்னு சொல்றேன்ல!"

யாரோ மைக்செட்டை நிறுத்தினார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "என்ன தம்பி இது, நல்ல காரியத்துல?" என்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தான்.

"ஒனக்கு இன்னொரு அண்ணன் இருந்தான்த்தா. மொக்கைச்சாமி. பல்லு விழுந்து, ரத்தம் நிக்காமச் செத்தான். லிங்கேசுக்கும் அதேதான். இவனுக்கும் இருக்கும்த்தா, முட்டியப் பாரு. ஊசி இருக்கு. நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போ, ரூத்து நர்சம்மானு கேளு, பிழைச்சுக்குவான். அன்னைக்கு டாக்டர் எங்கிட்டதான் கேட்டாரு. நான் இல்லன்னுட்டேன்."

சத்யப்ரியா அழவில்லை. திட்டவில்லை.

"ஒனக்குத் தெரியும்," என்றாள். "எம்பிள்ள அஞ்சு நாளு கெடந்தான். ஒனக்குத் தெரியும்."

குனிந்து சின்னவனைத் தூக்கிக்கொண்டாள். அப்போது அவள் பார்வை அவன் மடியில் விழுந்தது. சின்னவனின் காதுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. மறுபடி மடியைப் பார்த்தாள். பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடியடியாகப் பின்வாங்கிப் போனாள்.

அவனும் குனிந்து பார்த்தான். புது வேட்டியில் ரெண்டு இடத்தில் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. இடது பக்கம் சின்னதாக. வலது பக்கம் கொஞ்சம் பெரிதாக. கொட்டவில்லை. ஊறியது. நின்றவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். ஆசாரி கம்பியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். இந்தத் தடவை எல்லோருக்கும் தெரிந்தது.

சின்னவனைத் தூக்கிய பிறகும் மடியில் கனம் குறையவில்லை.

கண்மாய்ப் பக்கம் கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. பெரியாஸ்பத்திரிக்குத்தான் போவாள். போகட்டும். எழுந்து கூடவே ஓட வேண்டும்போல இருந்தது. முடியவில்லை. இடது கட்டைவிரலை ஏதோ பிடித்திருந்தது. நாலு சின்ன விரல்கள். காணவில்லை, ஆனால் விடவும் இல்லை.

வலது பக்கம் விழுங்குகிற சத்தம் நின்று, அழுகைக்கு முன்னால் பிள்ளைகள் இழுக்கிற மூச்சு ஒன்று எழும்பியது.

கருத்தக்கண்ணன் கையை இறக்கி, சிவந்துகொண்டே வந்த வெறும் மடியை மெதுவாகத் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தான்.