ஒரு நாளைக்குப் பதினோரு உரையாடல்

காலை பதினொரு மணிக்குள் முப்பது வீடுகளின் பதிவைப் பார்த்து முடித்துவிடுவேன். கரைமேடு குடும்ப நீதிமன்றத்தில் அதுதான் என் உத்தியோகம். ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் ஓர் இல்லச்செவி இருக்கிறது. வீட்டார் பேசுவதையெல்லாம் அது கேட்டு எண்ணி வைக்கும். விவாகரத்து மனு வந்தால் அந்தப் பதிவு என் மேசைக்கு வரும்.

முன்பெல்லாம் சாட்சி, வாய்தா என்று வருஷக்கணக்கில் இழுப்பார்களாம். இப்போது காரணங்கள் நான்கே: அடி, வசை, துரோகம், பேசா விலகல். கடைசியது, ஒரே கூரைக்குக் கீழே மூன்று ஆண்டுகள் பேசாமல் இருப்பது. எதுவானாலும் இல்லச்செவி சொல்ல வேண்டும். மூன்று மனு தோற்றால் ஆயுசுக்கும் கேட்க முடியாது.

தமயந்திக்கு அது மூன்றாவது மனு.

"பேசா விலகல்னு எழுதியிருக்கீங்க. உங்க வீட்ல ஒரு நாளைக்குப் பதினோரு உரையாடல்னு பதிவு இருக்கேம்மா," என்றேன் எரிச்சலாக. "எங்க வீட்லகூட அவ்வளவு கிடையாது."

"அவர் என்கிட்ட பேசி ஆறு வருஷமாச்சு மேடம்."

"அப்ப இவ்வளவும் யார் பேசினது?"

"நீங்களே கேளுங்க. ரெண்டு தடவையும் நம்பரைப் பார்த்துட்டு அனுப்பிட்டாங்க. யாரும் கேக்கவே இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. அந்த இரண்டு தடவையும் நம்பரை மட்டும் பார்த்தவள் நான்தான்.

ஒலியைத் திறந்தேன். "சாம்பார்ல உப்பு இல்லன்னு அவகிட்ட சொல்லு," என்றது ஓர் ஆண் குரல். உடனே இல்லச்செவி தேனொழுகச் சொன்னது: "தமயந்தி, சாம்பாரில் உப்பு இல்லையாம்." பதிவுக் கணக்கில் அது ஓர் உரையாடல். அடுத்தது, சட்டை தேய்த்தாயிற்றா என்று கேட்கச் சொன்னது. நான்காம் வருஷத்தில் ஒரு நாள்: "அவங்கப்பா தவறிட்டாராம். வண்டி வரச் சொல்லியிருக்கேன்னு சொல்லு." அதையும் இயந்திரமே சொன்னது, அதே தேன் குரலில். பிறகு தமயந்தி அழுவது மட்டும் வெகுநேரம் கேட்டது.

புருஷனும் பெண்டாட்டியும் கோபித்துக்கொண்டால் பிள்ளையிடம் சொல்லியனுப்புவது நம் வீடுகளில் காலங்காலமாக உள்ளதுதான். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் இல்லச்செவியிடம் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். பிள்ளையாவது இரண்டே நாளில் சலித்துப்போய், "நீங்களே பேசிக்கோங்க" என்று ஓடிவிடும். இது ஓடவில்லை.

மறுநாள் நீதிபதியிடம் என் தவற்றையும் சேர்த்தே சொன்னேன். தமயந்தியின் கணவர் ஞானசேகர் வெள்ளைச் சட்டையும் வாடிய முகமுமாக நின்றிருந்தார். நீதிபதி ஒலியைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க மனைவிகிட்ட நேரா ஒரு வார்த்தை பேசுங்க. இந்த மனுவைத் தள்ளுபடி பண்ணிடறேன்."

ஒரே வார்த்தை. அடப்பாவி, பேசிவிட்டால் இவள் கதி என்ன என்று பதறினேன். தமயந்தி கண்களை மூடிக்கொண்டாள்.

அவர் அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு மெல்லத் திரும்பி, மன்றத்துச் சுவரிலும் மாட்டியிருந்த இல்லச்செவியைப் பார்த்துச் சொன்னார்: "நான் என்ன குறை வச்சேன்னு அவகிட்ட கேளு."

அதுவும் தன் வேலையைச் செய்தது. "தமயந்தி, உங்களுக்கு என்ன குறை வைத்தார் என்று கேட்கிறார்."

நீதிபதி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. விவாகரத்து வழங்கிக் கையெழுத்திட்டார்.

வெளியே தாழ்வாரத்தில் தமயந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெயித்தவள் முகமாக அது இல்லை.

"என் பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டிருந்தா, மனுவை நானே கிழிச்சுப் போட்டிருப்பேன் மேடம்," என்றாள். "அதை மட்டும் அவர்கிட்ட சொல்லிடுங்க."

ஞானசேகர் நாலடி தள்ளித்தான் நின்றிருந்தார்.

"நீங்களே சொல்லுங்கம்மா," என்றேன்.

அவள் அவரைப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன. பிறகு திரும்பி, மறுபடியும் என்னைப் பார்த்தாள்.