மூன்று தரம் கூப்பிட்ட பெயர்

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...!

வவுனியாச் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தொலைபேசிக் கடையில் மணி அலறியது.

கடைக்காரர் எடுத்தார். கேட்டார். முகம் மாறிப் பின்பக்க அறையை நோக்கிக் கத்தினார்.

“செல்வநாயகம் அண்ணை! உங்களுக்குத்தான்! ஆள் பதறிக்கொண்டு கதைக்குது!”

செல்வநாயகம் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். ஸ்கந்தபுரத்தில் வயல் செய்கிற மனிதர். மகள் கௌசலாவின் கலியாணத்துக்காகப் பயண அனுமதிப் பாஸ் எடுத்து, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்கு வந்து, அந்த அறையில் வாடகைக்கு இருந்தார்.

வெள்ளிக்கிழமை தாலிகட்டு. இன்று திங்கள்.

“ஹலோ...?”

“அண்ணை, நான் அப்புத்துரை. லோயரம்மாவின்ரை கிளாக்கர். ஓமந்தையிலை உங்களுக்குப் பக்கத்து வளவு... ஞாபகமே?”

“ஓமோம், சொல்லு தம்பி!”

“நிக்கிறியளோ, இருக்கிறியளோ?”

“நிக்கிறன்.”

“இருங்கோ.”

செல்வநாயகம் இருந்தார்.

“கோட்டிலை உங்கட பேரிலை பிடியாணை கிடக்குது!”

ரிசீவர் கைநழுவி மேசையில் விழுந்தது. கடைக்காரர் எடுத்து மறுபடி காதில் வைத்துவிட்டார்.

“என்ன... என்ன வழக்கு?!”

“தெரியாதண்ணை! போன கிழமை பழைய வழக்குகளைத் தூசு தட்டினவை. நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்... கோட்டுச் சேவகர் ஆராச்சி வாசல்லை நிண்டு ‘ஓமந்தை செல்வநாயகம்’ எண்டு மூண்டு தரம் கூப்பிடுறார். ஆர் வரப்போறது? நீதவான் ஐயா ‘பிடிச்சுக்கொண்டு வாங்கோ’ எண்டிட்டார்! தொண்ணூறாம் ஆண்டு வழக்காம். நீங்கள் இஞ்சை நிக்கிறியள் எண்டு இண்டைக்குத்தான் அறிஞ்சன்...”

தொண்ணூறு! அப்போது அவர் ஓமந்தையில் தோட்டம் செய்தார். சண்டை தொடங்கிய அன்று கட்டின துணியோடு வடக்கே ஓடியவர், எட்டு வருடம் கழித்து இப்போதுதான் திரும்பியிருக்கிறார்.

அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். ஊசி விழுந்தாலும் துள்ளினார்.

“அப்பிடி என்னப்பா செய்தனியள்?” மனைவி விமலேஸ்வரி இடுப்பில் கைவைத்துக் கேட்டாள். 

அவளுடைய விசாரணைக்கு முன்னால் பொலிஸ் விசாரணை எந்த மூலைக்கு!

“மரை இறைச்சி வத்தல் வித்தது...?”

“அது எண்பத்தேழு.”

“காட்டிலை முதிரை மரம் தறிச்சது...?”

“அதை ஆர் கண்டது?”

“லைற் இல்லாமல் சைக்கிள் ஓடினது...?”

“அதுக்குப் பிடியாணையோ? வேறை?”

செல்வநாயகம் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

“மயில்...”

“என்ன மயில்?”

“ஒருக்கால்... பொறியிலை பிடிச்சு...”

“ஐயோ! கோழி எண்டல்லோ கொண்டந்து தந்தனியள்! நானும் முருகனைக் கும்பிட்டுக்கொண்டு கறி வைச்சனான்!”

மூலையில் இருந்த கௌசலா சிரிக்கவில்லை. அவளுடைய கண் கலங்கியிருந்தது.

“அப்பா... வெள்ளிக்கிழமைக்கு முதல் உங்களைப் பிடிச்சு மறியல்லை போட்டால்...?”

அந்தக் கேள்வி செல்வநாயகத்தின் நெஞ்சில் இறங்கியது. ஒரே மகள். மாப்பிள்ளைப் பெடியன் சுகிர்தன் நல்லவன். இவளும் அவனை விரும்பித்தான் கட்டுகிறாள். தகப்பன் கம்பி எண்ண, மகளைத் தாரைவார்த்துக் கொடுப்பது யார்?

சாயந்தரம் அப்புத்துரை சைக்கிளில் பறந்து வந்தார்.

“அண்ணை, அவங்கள் பிடிக்க முதல் நாங்களாப் போய்ச் சரணடைவம். லோயரம்மா மோசன் போட்டு வழக்கைக் கூப்பிடுவிப்பா. பைல் நீதவானின்ரை அறைக்குள்ளை. நாளைக்கு வெளியிலை வந்தால்தான் என்ன குற்றமெண்டு தெரியும்.”

“பிறகு?”

“பிணை கேப்பினம். வவுனியாவிலை நிரந்தர விலாசம் உள்ள ஒருத்தர் வேணும். அடையாள அட்டையோட வரோணும்.”

வவுனியாவில் அவருக்குத் தெரிந்த நிரந்தர விலாசம் ஒன்றே ஒன்றுதான்.

சம்பந்தி ராஜரத்தினம்!

உழவு மெசின் வைத்து வாடகைக்கு ஓட்டிப் பணக்காரரான ராஜரத்தினம், விசயத்தைக் கேட்டதும் கதிரையில் சாய்ந்தார். மீசையைத் தடவினார். வலையில் மீன் விழுந்ததை அந்தத் தடவலே சொன்னது.

“எங்கட பரம்பரையிலை ஒருத்தரும் கோட்டுப்படி மிதிச்சதில்லை, செல்வநாயகம்.”

“ஓம்...”

“வழக்குக்காரன்ரை வீட்டிலை பொம்பிளை எடுக்கிறதெண்டா நாலு பேர் நாலு கதை கதைப்பினம்.”

“ஓம்...”

“எண்டாலும் உங்களுக்காக மிதிக்கிறன். பிணைக்கு நிக்கிறன். ஆனா... அந்த ஸ்கந்தபுரத்து வயலையும் மாப்பிள்ளையின்ரை பேருக்கு எழுதிப்போடுங்கோ!”

செல்வநாயகம் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். அந்த வயல்தான் இனி அவரும் விமலேஸ்வரியும் கஞ்சி குடிக்க இருக்கிற ஒரே வழி!

“இல்லையெண்டா...?”

“இல்லையெண்டா வேறை பிணைகாரனைப் பாருங்கோ. அவனிட்டையே மாப்பிள்ளையும் இருக்கோ எண்டு கேளுங்கோ!”

செல்வநாயகம் தலையை ஆட்டினார். ஆடு, தன்னை வெட்டுகிறவனுக்குத்தான் தலையாட்டும் என்பார்கள்.

மறுநாள்.

நீதிமன்றத்தில் இலையான் பறந்தாலும் கேட்கும் அமைதி. செல்வநாயகம் கூண்டுக்குள். பிணை நிற்க வந்த ராஜரத்தினம் பக்கத்தில், பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டுமாக. அவருடைய அடையாள அட்டையை முதலியார், அதாவது நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், வாங்கிக் கையில் வைத்திருந்தார்.

“குற்றத்தை வாசிக்கிற வரைக்கும் வாயைத் திறக்கக்கூடாது!” என்று லோயரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தா.

நீதவான் பைலைத் திறந்தார். கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“நீர்தான் செல்வநாயகமா?”

அவ்வளவுதான்! நேற்றிலிருந்து அடக்கிய பயம் முழுவதும் ஒரேயடியாக உடைத்துக்கொண்டு வந்தது.

“குற்றவாளிதான் ஐயா! மரையும் நான்தான்... முதிரையும் நான்தான்... மயிலும் நான்தான் ஐயா!”

லோயரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டா.

“எந்த மயில்?” என்றார் நீதவான்.

“ஐயா, என்ரை கட்சிக்காரருக்கு உடம்பு சரியில்லை...” என்று லோயரம்மா பாய்ந்து எழும்பினா.

“மயிலைப் பற்றி இங்கே வழக்கு இல்லை. நான் எதையும் கேட்கவும் இல்லை.” நீதவானின் மீசைக்குள் சிரிப்பு ஓடியது. “நீர் குற்றஞ்சாட்டப்பட்ட எதிரியே அல்ல, ஐயா. நீர் முறைப்பாட்டுக்காரர்!”

“ஆ...?!”

“தொண்ணூறாம் ஆண்டு உமது தோட்டத்துக் கிணற்றடியில் இருந்த தண்ணீர் இறைக்கும் மெசின் களவு போனதென்று பொலிஸில் சொன்னீரா, இல்லையா?”

செல்வநாயகத்துக்கு மெல்ல வெளித்தது. சொன்னார்தான்! ஆளைப் பிடித்துவிட்டோம், கோட்டுக்கு வா என்று பொலிசும் சொன்னதுதான். வழக்குத் தவணைக்கு முதல் சண்டை வந்துவிட்டது!

“களவு குடுத்தவனுக்கும் பிடியாணையோ ஐயா?”

“சாட்சி சொல்ல வராவிட்டால் யாருக்கும் வரும். சண்டையில் ஓடியிருக்கிறீர், விளங்குகிறது. உமது பிடியாணையை ரத்துச் செய்கிறேன். பிணையும் தேவையில்லை.”

பின் வாங்கில் விமலேஸ்வரி கைகூப்பினாள். கௌசலா விம்மினாள். செல்வநாயகத்துக்கு உடம்பு பஞ்சாகிப்போனது. அப்பாடா, தப்பினோம்!

ஆனால் நீதவான் பைலை மூடவில்லை.

“பொலிஸ் பிணையில் போன எதிரியும் அன்றைக்கு வரவில்லை. அவருக்கும் பிடியாணை. கூப்பிட்டுப் பாருங்கள்.”

ஆராச்சி வழக்கம்போல வாசலுக்குப் போனார். வெளியே மரநிழலில் நின்ற சனத்தைப் பார்த்துக் குரலெடுத்தார்.

“ராஜரத்தினம்...!”

சந்தனப் பொட்டு வியர்வையில் கரைந்தது.

“ராஜரத்தினம்...!”

பட்டு வேட்டி நடுங்கியது.

“ராஜரத்தினம்...!”

வெளியே ஒருவரும் அசையவில்லை. முதலியார்தான் அசைந்தார். கையிலிருந்த அடையாள அட்டையைப் பார்த்தார். பைலைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

“ஐயா... வெளியிலை கூப்பிடத் தேவையில்லை. அதே இலக்கம். ஆள் பிணைக்கு நிக்குது!”

மண்டபமே ‘கொல்’ என்று சிரித்தது!

களவெடுத்தவருக்கு அன்றைக்குக் கிணறு தெரியும்; கிணற்றுக்காரரைத் தெரியாது. களவு கொடுத்தவருக்குக் கள்ளனின் முகம் தெரியாது. வழக்கு சண்டையோடு செத்துப்போனதென்று எட்டு வருடம் நெஞ்சு நிமிர்த்தித் திரிந்தவர், தானாகவே அட்டையை நீட்டிப் பிடிபட்டுவிட்டார்.

“மெசின் எங்கே?” நீதவானின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

ராஜரத்தினம் விளக்கமறியலைக் கண்ணால் கண்டுவிட்டார்.

“வீ... வீட்டுக் கிணத்தடியிலைதான் ஐயா... இண்டைக்கும் முதல் இழுவையிலையே ஸ்டார்ட் வரும் ஐயா...”

“செல்வநாயகம், வழக்கை நடத்துகிறீரா? அல்லது மெசினைத் திருப்பி வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போகிறீரா?”

“சம்பந்தி...” ராஜரத்தினம் கிசுகிசுத்தார். “காணி வேண்டாம். ஒண்டும் வேண்டாம். பிள்ளையளின்ரை வாழ்க்கையைப் பாருங்கோ...”

செல்வநாயகம் திரும்பிக் கௌசலாவைப் பார்த்தார். பிறகு, பிறந்ததிலிருந்து நிமிராத முதுகை நிமிர்த்தினார்.

“சமாதானம்தான் ஐயா. மெசினும் திருப்பி வேண்டாம்.”

“ஏன்?”

“இவர் மாப்பிள்ளையின்ரை தேப்பன் ஐயா! சீதனத்தை எட்டு வருசத்துக்கு முந்தியே வந்து தூக்கிக்கொண்டு போயிட்டார்... இனிப் பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு போறது மட்டும்தான் பாக்கி!”