நாலு கோட்டுப் பட்டம்

புதுப் பள்ளிக்கூடத்தில் தனுசியாவுக்கு ஒரு சிநேகிதிகூட இல்லை. அப்பாவுக்கு இடமாற்றம் வந்ததால், சாவகச்சேரியிலிருந்து பண்டத்தரிப்புக்கு வந்து மூன்று கிழமைதான் ஆகிறது. இடைவேளையில் அவள் மெதுவாகச் சாப்பிடுவாள். கெதியாக முடித்துவிட்டால் பிறகு என்ன செய்வது?

மற்றப் பிள்ளைகள் ஜெயனியைச் சுற்றி நிற்பார்கள். ஜெயனியின் மாமா கனடாவிலிருந்து ஒரு கல்குலேட்டர் அனுப்பியிருந்தார். அதில் சமன்பாட்டைத் தட்டினால் குட்டித் திரையில் கோடு ஓடும்.

ஒருநாள் தனுசியாவும் கிட்டப் போனாள். சுற்றி நின்றவர்களின் பதினான்கு பின்னல்கள்தான் தெரிந்தன. திரும்பி வந்துவிட்டாள்.

"அப்பா, எனக்கும் அப்பிடி ஒண்டு வேணும்."

"அந்தக் காசுக்கு ரெண்டு ஆடு வாங்கலாம், பிள்ளை," என்று அப்பா சிரித்தார். "உந்த வேலையைச் செய்யிற மென்பொருள் சும்மாவே கிடைக்குது. எடுத்து ஆருக்கும் குடுக்கலாம்."

தன் பழைய மடிக்கணினியில் அதைப் போட்டுக் கொடுத்தார். மூன்றாம் நாள், அவள் தட்டிய நாலு கோடுகள் ஒன்றையொன்று வெட்டி, நடுவில் காற்றில் ஏற்றும் பட்டம்போல ஒரு வடிவம் வந்தது. தனுசியா துள்ளிக் குதித்தாள். காட்ட ஒரு சிநேகிதி இல்லையே என்று உடனே அழுகையும் வந்தது.

மறுநாள் கணித ரீச்சரிடம் போனாள்.

"ரீச்சர், இதைக் கணினி அறையிலை போடலாமோ? எல்லாரும் பட்டம் கீறலாம்."

ரீச்சர் போட்டுவிட்டார். அடுத்த இடைவேளையில் கணினி அறை சந்தைபோல இரைந்தது.

"தனுசியா, இஞ்சை வாரும்! என்ரை பட்டம் தலைகீழாய் நிக்குது!"

தனுசியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்போது யன்னலால் ஜெயனியைக் கண்டாள். வெளியே நீளமான மர வாங்கில் தனியாக உட்கார்ந்து, மிக மெதுவாகப் பாண் தின்றுகொண்டிருந்தாள்.

அப்படித் தின்பது ஏன் என்று தனுசியாவுக்குத் தெரியும். ஆனால், வெளியே போனால் இவர்கள் தன்னை மறந்துவிடுவார்களோ? பயமாகத்தான் இருந்தது. போனாள்.

"ஜெயனி, உம்மடை கல்குலேட்டரிலையும் பட்டம் வருமோ?"

"தெரியாது. எனக்கு அதிலை கூட்டல் கழித்தல்தான் வடிவாத் தெரியும்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு ஜெயனி தலையைக் குனிந்தாள்.

"நீர் தனிய இருந்ததை நான் பாத்தனான். கூப்பிட்டிருக்கலாம்."

"ஓம், கூப்பிட்டிருக்கலாம்தான்," என்றாள் தனுசியா. அது அவளுக்கு இன்னும் வலித்தது. ஆனாலும் கல்குலேட்டரை வாங்கி முதல் கோட்டைத் தட்டினாள். ஜெயனி வாங்கில் ஒரு பக்கமாக அரக்கி இருந்து, அவளுக்கு இடம் விட்டாள்.

மணி அடித்தபோது மூன்று கோடுகள்தான் வந்திருந்தன.

"நாலாவதை நாளைக்குப் போடுவம், என்ன?" என்றாள் ஜெயனி.

தனுசியா தலையாட்டினாள். நாளைக்குப் பள்ளிக்கூடம் வர அவளுக்கு ஆசையாக இருந்தது.