டொம்முவைப் பிரித்தது யார்?

காலை எட்டு மணிக்குப் பல் டாக்டரின் மனைவி கண்ணாடி அலமாரியைத் துடைக்கப் போனார். போன வேகத்தில் அலறினார்.

நடுத்தட்டில் ராஜாவைப் போல வீற்றிருந்த வீடியோ கேசட் பெட்டி காலியாகக் கிடந்தது. டொம்மு என்ற கார்ட்டூன் நீர்யானையின் முதல் கேசட் அது. கடையில் வாங்கிய நாளிலிருந்து மேலே சுற்றிய கண்ணாடித்தாளைக் கூடப் பிரிக்காமல் டாக்டர் காத்து வந்தார். டொம்மு பொம்மை, டொம்மு குடை, டொம்மு டிபன் டப்பா என்று அந்த அறையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நீர்யானை பல்லைக் காட்டும். பல் டாக்டர் வேறு எதை ரசிப்பார்?

"திருட்டு! வீட்டுக்குள்ளேயே திருட்டு!" என்று டாக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர் பார்வை மெல்ல நகர்ந்து மாப்பிள்ளை மேல் போய் நின்றது. முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில், "பிரிச்சுப் பார்த்தா என்ன மாமா, டொம்மு கோவிச்சுக்குமா?" என்று கேட்டவர் அவர்தான்.

பத்து மணிக்கு டாக்டரின் அக்கா வந்தார். போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்; திருட்டுக் கேஸ்களிலேயே தலை நரைத்தவர். வாசலில் ஒரு சூட்கேஸ் நின்றது. பக்கத்தில் டாக்டரின் மகள், அழுது சிவந்த கண்களோடு.

"எங்கடி கிளம்பிட்ட?"

"இவரைத் திருடன்னு சொன்ன வீட்ல பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன் அத்தை. அப்பா மன்னிப்புக் கேக்கணும். இல்லேன்னா இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

சொன்னால் செய்வாள். அப்பாவின் பிடிவாதம் அப்படியே வந்திருந்தது.

"மத்தியானம் வரைக்கும் பொறு," என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போனார்.

பெட்டியைத் திறந்தார். கேசட் இல்லை. கண்ணாடித்தாள் மட்டும் நாலாக மடிந்து உள்ளே இருந்தது. ஓரத்தில் ஒரே நேர்கோடாக வெட்டு. பழைய கடை ஸ்டிக்கரில் ஒரு கீறல் இல்லை.

"அலமாரிச் சாவி?"

"காலண்டர் ஆணியில அண்ணி. யார் வேணா எடுக்கலாம்," என்றார் மனைவி.

"வெளியாள் யாராவது வந்தாங்களா?"

"இவரோட சேகரிப்பாளர் சங்கத்துச் செயலாளர் நேத்து சாயங்காலம் வந்தாரு."

"அதுக்கு முன்னாடி வீட்ல யாரு?"

"மத்தியானம் நாங்க மூணு பேரும் கடைக்குப் போயிட்டோம். இவரு தலைவலின்னு படுத்திருந்தாரு."

ஹாலில் டிவி மேஜையின் கீழ்த்தட்டில் தூசு படிந்திருந்தது. நடுவே மட்டும் செவ்வகமாகப் பளிச்சென்று ஓர் இடம்.

"இங்க என்ன இருந்துச்சு?"

"பழைய வீடியோ பிளேயர். கெட்டுப்போச்சுன்னு இவரு நேத்து ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போனாரு. அதை யாரு தொடறா? டேப்பெல்லாம் அலமாரியில கும்பிடறதுக்கு. படம் பாக்கணும்னா டிஸ்க்தான்."

அடுத்து மாப்பிள்ளை. பயத்தில் அவருக்குப் பசி எடுத்திருந்தது. பிஸ்கெட் பாக்கெட்டைப் பல்லால் கடித்து இழுத்தார். பாக்கெட் வெடித்து, பிஸ்கெட் நாலு திசையிலும் பறந்தது.

"ஐயோ, முன்பல்லு!" என்று கண்ணை மூடிக்கொண்டார் டாக்டர்.

"நான் எடுக்கல அத்தை."

"தெரியுது," என்றார் அத்தை. "எல்லாரும் உட்காருங்க. தம்பி, நீ என் எதிர்ல உட்காரு."

டாக்டர் உட்கார்ந்தார்.

"இந்தக் கண்ணாடித்தாளைப் பாரு. மாப்பிள்ளை கைபட்டிருந்தா இது நார் நாராப் போயிருக்கும். உங்க செயலாளர் எடுத்திருந்தா பெட்டியோட போயிருக்கும். பெட்டி இல்லாத டேப்பை உங்க கூட்டத்துல யாரும் சீந்த மாட்டாங்க. எடுத்தவனுக்கு டேப்பைப் பாக்கணும்னு ஆசை. ஆனா பிரிச்ச தாளைத் தூக்கிப் போட மனசு வரல. சின்ன வயசுல மிட்டாய்த் தாளையெல்லாம் இப்படித்தான் நாலா மடிச்சுத் தலையணைக்கு அடியில வச்சிருப்பே."

டாக்டரின் காது சிவந்தது.

"இன்னொண்ணு. டேப்பே போடாத வீட்ல பிளேயர் கெட்டுப்போனது உனக்கு எப்படிடா தெரிஞ்சுது? கார் சாவியைக் குடு."

கார் டிக்கியில், போர்வைக்குள் பிளேயர் இருந்தது. அதன் வயிற்றில் டொம்மு.

டாக்டர் உடைந்துபோனார். "டிஸ்க்ல எல்லாத்துலயும் கடைசிக் கதையை வெட்டிட்டானுங்கக்கா. டொம்முக்குப் பல்வலி வர்ற கதை! நான் பல் டாக்டர்க்கா, எத்தனை வருஷம் தாங்கறது? அது நாற்காலியில உட்கார்ந்து வாயைத் திறக்குது, மெஷின் டேப்பை முழுங்கிடுச்சு. சீல் பிரிச்சவனுக்குச் சங்கத்துல இடமில்ல. அந்தச் சட்டத்தைப் போட்ட தலைவரே நான்தான். காலையில இவ கத்தினதும் வாய்ல வந்தது திருட்டு."

மகள் சூட்கேஸைத் தூக்கினாள். அத்தை தம்பியைப் பார்த்தார்.

டாக்டர் எழுந்து மாப்பிள்ளையின் கைகளைப் பிடித்துக்கொண்டார். "என் மானத்தைக் காப்பாத்த உங்க மானத்தை வாங்கிட்டேன். மன்னிச்சிடுங்க மாப்பிள்ளை." கண்ணீர் உண்மையாகவே வந்தது.

மாப்பிள்ளை பிளேயர் பக்கம் திரும்பினார். "ஸ்குரூ டிரைவர் இருக்கா மாமா?"

பிளேயரைத் திறந்து, சிக்கிய நாடாவை விரலால் சுற்றிச் சுற்றி விடுவித்தார். டிவியில் போட்டதும், படத்தின் குறுக்கே கோடு ஓடினாலும் டொம்மு வாயைத் திறந்தது. கார்ட்டூன் பல் டாக்டர் உள்ளே தலையை விட்டார். டொம்மு தும்மியது. டாக்டர் கூரையைப் பிய்த்துக்கொண்டு பறந்தார். நிஜ டாக்டர் தரையில் உருண்டு சிரித்தார். வாசலில் நின்ற மகளும் சூட்கேஸை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை போடுங்க," என்றார் டாக்டர். பக்கத்திலிருந்த புது பிஸ்கெட் பாக்கெட்டை எடுத்து, பல்லால் கடித்து இழுத்து, மாப்பிள்ளையிடம் முதலில் நீட்டினார்.

கிழிந்த தாளை மட்டும் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.