பட்டம்மாளுக்கு வந்த சம்மன்

சம்மன் கொண்டுவந்த கோர்ட்டு சேவகர் மரியம்மாளின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவள் தோளுக்கு மேலாக, வீட்டுக்குள்ளே பார்த்துப் பேசினார்.

"பட்டம்மாள், கன்னியப்பன் சம்சாரம். சாட்சி சொல்ல வேலூர் கோர்ட்டுக்கு வரணும்."

"அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லீங்க. நான் மரியம்மா. எங்க வீட்டுக்காரர் தேவசகாயம். தோல் பதனிடற ஷாப்புல வேலை."

"அப்போ உள்ளே நிக்கறது யாரும்மா?"

அவள் திரும்பினாள். உச்சிவெயில் வாசற்படியோடு நின்றுவிட்டிருந்தது. அதற்கப்பால் அடுப்படி வரைக்கும் இருட்டு. கொடியில் அவளுடைய புடவை ஒன்று தொங்கியது. வேறு யாரும் இல்லை.

சேவகர் சர்தார் பாஷா வயதானவர், நல்ல மனிதர் போலத்தான் தெரிந்தார். "பயப்படாதேம்மா. வாங்க மாட்டேன்னா கதவுல ஒட்டிட்டுப் போறதுதான் சட்டம்" என்றார். பசையைத் தடவி, காகிதத்தைக் கதவில் ஒட்டி, உள்ளங்கையால் நீவிவிட்டுப் போனார்.

ஆம்பூருக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தேவசகாயத்துக்கு வேலையோடு சேர்த்துக் கொடுத்த வீடு அது. பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் சுண்ணாம்புத் தொட்டிகள். ஊறும் தோலின் வாடையும் ஆவாரம்பட்டையின் துவர்ப்பு நெடியும் பகல் முழுக்கச் சுவர் ஏறி வந்து கூரையில் படிந்து கிடக்கும், சாயங்காலக் காற்று எழுந்தால் கொஞ்சம் விலகும். மூக்குக்கு அது பழகியிருந்தது. ஆனால் காகிதம் ஒட்டிய அன்றிலிருந்து வாடை வெளியிலிருந்து வரவில்லை. அடுப்படி மூலையிலிருந்து வந்தது. ஈரத்தோடு வந்தது, குளித்து முடித்துத் துவட்டாமல் ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றது போல.

எதிர்வீட்டுச் சுந்தரியிடம் கேட்டாள்.

"பட்டம்மாவா? உங்களுக்கு முன்னாடி அந்த வீட்ல இருந்தவ. புருசன் கன்னியப்பன் தொட்டியில தோல் பொரட்டற வேலை. ஒருநாள் அவன் மட்டும் மூட்டையைக் கட்டிக்கினு போய்ட்டான்."

"அவ?"

சுந்தரி முறத்தைத் தட்டுவதை நிறுத்தினாள். "அவ வெளியே வந்ததை யாரும் பாக்கலை."

அன்று மாலை தேவசகாயம் வந்ததும் மரியம்மாள் அழுதாள். வேறு வீடு பார்க்கலாம் என்றாள். அவன் சுண்ணாம்பில் வெளுத்துப்போன கைகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே கேட்டான்.

"இந்த வீட்டை விட்டா வேலையும் போய்டும். எங்க போறது, சொல்லு? யாரோ ஒருத்திக்கு வந்த காயிதம். அதுக்குப் போய் ஏன் பேஜார் பண்றே?"

அவன் வேலைக்குப் போனபின் பகல்களெல்லாம் அவளுக்கும் அந்த அடுப்படி மூலைக்கும் நடுவில்தான் கழிந்தன. அரிசி களைந்தால் மூலையிலும் தண்ணீர் அலசும் ஓசை. அவள் இருமினால் சற்றுப் பொறுத்து அங்கேயும் ஓர் இருமல். முதலில் சுவர் எதிரொலிக்கிறது என்று நினைத்தாள். பிறகு ஒருநாள் அவள் இருமவில்லை. இருமல் மட்டும் கேட்டது.

சர்தார் பாஷா மறுபடியும் வந்தார். ஒட்டியது செல்லாதாம். வீட்டு ஆள் யாராவது கையில் வாங்கி ரேகை வைக்க வேண்டுமாம்.

"வாங்கிட்டா என்ன ஆவும்?"

"அந்தம்மா கோர்ட்டுக்கு வந்துதான் ஆவணும்."

"இங்கருந்து போய்டுவாளா?"

அவர் அவளை வினோதமாகப் பார்த்தார். "கூப்பிட்டா போவாம?"

அந்தச் சொல்லைத்தான் மரியம்மாள் பிடித்துக்கொண்டாள். கூப்பிட்டால் போய்விடுவாள். கட்டைவிரலை நீட்டினாள். மை சில்லென்று ஒட்டியது. காகிதத்தை உள்ளே கொண்டுபோய் அடுப்படி மூலையில் வைத்து, "உன்னைத்தான் கூப்பிடறாங்க, போய்டு பட்டம்மா" என்றாள்.

வாடை போய்விட்டது. இருமலும் இல்லை. அன்று வெகுநாளைக்குப் பிறகு அவள் நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் கிணற்றடிக்குப் போனபோது சுந்தரி நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாடி, இப்பத்தானே தண்ணி எடுத்துக்கினு போனே?"

மத்தியானம் தேவசகாயம் சாப்பிட வரவில்லை. அவள் காத்திருந்து காத்திருந்து, அவன் மாலையில் வந்ததும் சோற்றுப்பானையைத் திறந்தாள். பானை காலி.

"மத்தியானமே போட்டியே. மறந்துட்டியா?" என்று சிரித்தான். "இன்னைக்குக் கொழம்பு ரொம்ப நல்லாருந்துச்சு."

அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதன்பின் அவன் அவளைக் கூப்பிடுவது குறைந்தது. கூப்பிட்டாலும் அவள் நிற்கும் பக்கம் பார்த்துக் கூப்பிடவில்லை. அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் தலையாட்டிவிடுவான். பதில் கிடைத்துவிட்டது போல.

அந்த வாரமே வாரண்டு வந்தது.

சர்தார் பாஷாவோடு ஒரு போலீஸ்காரனும் வந்திருந்தான். வாசலில் ஜட்கா வண்டி நின்றது. சம்மனை வாங்கிக்கொண்டும் சாட்சி சொல்ல வரவில்லை. ஆளைப் பிடித்துக்கொண்டு போக உத்தரவு.

"நான் பட்டம்மா இல்லீங்க!"

"ரேகை வச்சது நீதானே?"

"நான் வச்சேன். ஆனா நான் மரியம்மா. பாயி, நீங்களாச்சும் சொல்லுங்க!"

சர்தார் பாஷா இந்த முறை அவள் முகத்தை நேராகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இதே அம்மாதான்" என்றார். "மொதல் நாளு உள்ளே நின்னுக்கினு இருந்துச்சு. வாசல்ல வந்து பேசினது வேற பொண்ணு."

மரியம்மாள் சுந்தரியைக் கூவி அழைத்தாள். சுந்தரி வெளியே வந்தாள். அவளைக் கண்டதும் சுந்தரியின் முகம் வெளிறியது. கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது.

"பட்டம்மா" என்றாள் சுந்தரி. "இத்தனை நாளு எங்கடி இருந்தே?"

கையைப் பிடித்தார்கள். இழுத்தார்கள். ஜட்காவின் பலகை முதுகில் இடித்தது. குதிரை தலையை உதறியது.

அப்போதுதான் தெருமுனையில் தேவசகாயம் வந்தான். தோளில் துண்டு. சோர்ந்த நடை. அவன் நடை.

கத்தினாள். அவன் பேரைச் சொல்லிக் கத்தினாள்.

அவன் நின்றான். ஜட்காவுக்குள் எட்டிப் பார்த்தான். அந்தக் கண்களில் இரக்கம் இருந்தது. முன்பின் தெரியாதவர்களின் கஷ்டத்தைப் பார்க்கும்போது வருமே, அந்த இரக்கம்.

"யாருங்க இந்தம்மா?"

"பட்டம்மாள்" என்றான் போலீஸ்காரன்.

"ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு அவன் வீட்டுப் பக்கம் திரும்பினான். "மரியா, தண்ணி கொண்டா."

"தோ வர்றேன்."

வீட்டுக்குள்ளிருந்து வந்தது அவளுடைய குரலேதான்.

ஜட்கா நகர்ந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பார்த்தாள். கதவின் இருட்டிலிருந்து ஒரு கை செம்பை நீட்டியது. சுண்ணாம்பில் பலநாள் ஊறிய தோல் போல உப்பி, வெளுத்து, ரோமமில்லாத கை. நகங்கள் இல்லை. மணிக்கட்டில் சதை தளர்ந்து தொங்கியது.

தினமும் அப்படிப்பட்ட தோலையே தொட்டுப் பழகிய அவன், அந்த விரல்களின் மேல் தன் விரல்களை வைத்து, செம்பை வாங்கி, அண்ணாந்து குடித்தான்.