பாறைமேல் திறந்த கதவு

வீட்டுக்கு எதிரே சாலையில் இருந்த பள்ளத்தில் டோர்கஸின் கார் இறங்கி ஏறியதும், உதவிக்கு அவள் அழைத்துவந்த கஸ்ஸின் மடியில் தேநீர் கொட்டியது. வருஷா வருஷம் தார் ஊற்றுகிறார்கள், வருஷா வருஷம் அமுங்குகிறது என்று அவர் முணுமுணுத்தார். அவருடைய நண்பர் ஹெட்லி, ஓய்வுபெற்ற போலீஸ்காரர், அந்தப் பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தபடி இறங்கினார்.

வழியிலேயே டோர்கஸ் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். நியூஃபவுண்ட்லாந்தின் இந்தக் கடலோரத்தில், விக்டோரியா ராணி காலத்தில் ஒரு மீன் வியாபாரி கட்டிய மர வீடு இது. அவருடைய பேரன் காலத்தில் டோர்கஸின் அம்மா இங்கே வேலைக்காரப் பெண். யாருக்கும் தெரியாமல் அவள் பெற்ற குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. சமையலறைப் படிக்குப் பக்கத்தில் இடுப்பளவு குழி தோண்டித் தானே புதைத்தாள். அதோடு ஊரை விட்டுப் போனவள் திரும்பவே இல்லை. இப்போது ஆஸ்பத்திரியில் இன்றோ நாளையோ என்று கிடக்கிறாள். "அவனை எடுத்துட்டு வந்து என் பக்கத்துல படுக்க வை" என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

பேரனிடமிருந்து ஒரு டாக்டர் வீட்டை வாங்கினார். டாக்டரின் பிள்ளைகளிடமிருந்து வாங்கியவள் வெர்னா, வெளியூர்க்காரி. தோண்ட உடனே சம்மதித்தாள். ஆனால் படியைச் சுற்றி எங்கே வெட்டினாலும் ஒரு சாணுக்குள் மண்வெட்டி பாறையில் மோதியது.

கஸ் முடிவே கட்டிவிட்டார். "டாக்டர்தான் அண்ணே. எலும்பைப் பார்த்துட்டு வெளிய எடுத்துப் போட்டிருப்பான்."

"பாறைக்குள்ள இருந்தா? இங்க இடுப்பளவு குழி தோண்டவே முடியாதே" என்றார் ஹெட்லி.

சமையலறையைச் சுற்றி வந்தவர் மேசையை நகர்த்தச் சொன்னார். தரையில் இரும்பு வளையம் வைத்த பலகைக் கதவு. உருளைக்கிழங்கு வைக்கும் நிலவறைக்கு உள்ளது, ஆனால் ஒன்றுக்கும் உதவாது என்றாள் வெர்னா. கஸ் தூக்கினார். கைக்கெட்டும் ஆழத்தில் கரும்பாறை.

ஹெட்லி குனிந்து பாறையைத் தட்டிப் பார்த்தார். "நிலவறை இல்லாம யாராவது கதவு போடுவாங்களா? போட்டப்ப கீழ குழி இருந்திருக்கு. வீடு அது மேல இருந்திருக்கு."

உருட்டுக்கட்டை வைத்து, ஊரே கயிறு பிடித்து மர வீட்டை அப்படியே வேறிடத்துக்கு இழுப்பது இந்தக் கரையில் புதிதல்ல. டாக்டர் காலத்தில்தான் சாலை வந்தது. வீடு நின்ற இடத்தைச் சாலைக்கு விட்டுவிட்டு, வீடு இந்தப் பாறைமேல் ஏறியிருக்கிறது. கயிறு பிடித்தவர்கள் எல்லாரும் இப்போது கல்லறைத் தோட்டத்தில்.

"அப்போ அம்மா தோண்டின குழி?" என்றாள் டோர்கஸ்.

கஸ் தன் கால்சட்டையிலிருந்த தேநீர்க் கறையைக் குனிந்து பார்த்தார்.

"மேல எத்தனை தார் ஊத்தினாலும் மூடின குழி அமுங்கிட்டேதான் இருக்கும், கண்ணு" என்றார் ஹெட்லி.

தோண்ட முடியாதா என்று கேட்டாள். ஊருக்கு அது ஒன்றுதான் சாலை, ஆம்புலன்ஸும் அதில்தான் வர வேண்டும். அரசாங்கம் சம்மதிப்பதற்குள் அம்மா இருக்க மாட்டாள் என்றார். தொப்பியைக் கழற்றினார். "கண்டுபிடிச்சேன்னு சொல்லவே வெக்கமா இருக்கு."

டோர்கஸ் சாலையோரம் போய் நின்றாள். மீன் லாரி ஒன்று பள்ளத்தில் இறங்கி ஏறியது. தன்னையறியாமல் கையை உயர்த்தினாள். பின்னால் வந்த பழைய வண்டி, கை காட்டினால் ஏற்றிக்கொள்ளும் இந்தப் பக்கத்து வழக்கப்படி, உடனே நின்றது.

"எங்க போகணும், தாயி?" என்றார் ஓட்டியவர்.

வண்டியின் பின்சக்கரம் பள்ளத்துக்குள் நின்றிருந்தது.

"கொஞ்சம் முன்னால தள்ளி நிறுத்துங்களேன்" என்றாள்.