உறைமண் நொதி

உலகத்தில் உரக்கடைகள் மூடப்பட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. ஏக்கருக்கு ஒரு படி முதுநொதித் தூள் தூவினால் போதும், பயிர் தானாக எழுந்து நின்றது.

அந்த நொதி சைபீரியாவில், யானா ஆற்றங்கரை உறைமண்ணுக்கு அடியில் முப்பதாயிரம் வருடம் புதைந்து கிடந்த பழைய மண்ணிலிருந்து வந்தது. அதைச் சுரந்த நுண்ணுயிர்கள் எப்போதோ செத்துப்போயின. நொதி மட்டும் களித்துகள்களில் ஒட்டிக்கொண்டு, அந்தக் குளிரிலும் மிக மெதுவாக வேலை செய்துகொண்டிருந்தது. வெயில் காயும் வயலில் அதன் வேகம் ஆயிரம் மடங்கானது. மண்ணுக்கு வளம் தரும் மட்கைச் சிதைத்துச் சத்தைப் பயிருக்குப் பிரித்துக் கொடுத்தது.

கண்டுபிடித்த குழுவில் பதினோரு பேர் ஊர் திரும்பிவிட்டார்கள். அளவெடுக்க ஒருவர் போதுமென்று தூளை விற்ற நிறுவனம் சொன்னதால் பூங்கோதை மட்டும் யானாக் கரையில் தங்கினாள். உணவை ஆளில்லா விமானம் போட்டுவிட்டுப் போகும். பேச்சு மறந்துவிடுமோ என்று பயந்து, நொதியின் வீரியத்தை அளக்கும் நொதிமானியின் எண்களைத் தினமும் சத்தமாகப் படிப்பாள்.

ஒரு காலையில், கதகதப்பாக வைத்திருந்த சோதனைத் தொட்டியில் மண் வெளுத்திருந்தது. மட்கு துளியும் இல்லை. புது எருவைப் போட்டாள். இரண்டே நாளில் அதுவும் காணாமல் போனது. நொதிமானி முதல் நாள் காட்டிய அதே எண்ணைக் காட்டியது; நொதி துளியும் குறையவில்லை. உயிருள்ளது எதுவும் வயிறு நிறைந்தால் நிறுத்தும். இந்த நொதிக்கு நிறுத்தச் சொல்ல யாருமே இல்லை.

கமுதியில் இருந்த தம்பி முத்திருளனைத் திரையில் அழைத்தாள்.

"இருளா, அந்தத் தூளைப் போடாதடா. மண்ணையே தின்னுரும்."

"மொளகா இடுப்பளவு நிக்கிதுக்கா. போன வருசமே கண்மாய்க்கரை வரைக்கும் போட்டாச்சு."

"நான் சொல்றதக் கேளு."

"தனியா இருந்து இருந்து உனக்கு என்னமோ ஆயிருச்சு. கெளம்பி வந்துருக்கா."

நிறுவனத்துக்கு அறிக்கை அனுப்பினாள். நன்றி தெரிவித்து, அவளுடைய பணியை மேலும் இரண்டு வருடம் நீட்டித்தார்கள்.

அந்த இரண்டு வருடத்தில் வயல்கள் ஒவ்வொன்றாக மணலாயின. மட்கு மிச்சமிருந்த இடம் உறைமண் நிலம்தான். அதைத் தோண்டி ஊர் ஊராக அனுப்ப நிறுவனம் முடிவு செய்தது. அதற்குள்ளும் அதே நொதி இருந்ததைப் பூங்கோதை எழுதி எழுதிப் பார்த்தாள். பதிலே வரவில்லை.

மண் தோண்டும் இயந்திரங்கள் வந்திறங்கிய அன்று, முதல் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றாள். அதை ஓட்டிவந்தவன் கதவைத் திறந்து குதித்தான். முத்திருளன்.

"டிராக்டர் ஓட்டுறவங்கள எடுத்தாங்கக்கா. ஊர்ல வேற என்ன இருக்கு?"

"இந்த மண்ணும் செத்துரும்டா."

"எத்தன நாளைக்குத் தாங்கும்?"

"மூணு வருசம். அவ்வளவுதான்."

"மூணு வருசம் புள்ளைக சாப்புடும்ல."

அவன் அவளுடைய கையைப் பிடித்து மெல்ல ஓரமாக இழுத்தான். ஆறு வருடத்தில் அவளைத் தொட்ட முதல் மனிதக் கை அது. உதறிவிட்டு மறுபடியும் இயந்திரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, அவன் இழுத்த பக்கமே நகர்ந்தாள்.